குவைத் என்று சீட்டு ஒட்டிய நான்காவது தட்டு

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. விடிகாலை சுபுஹு தொழுது முடித்து, வாசலில் தேங்கிய மழைத் தண்ணீரைத் தள்ளிவிட்டு, தேநீருக்கு அடுப்பில் தண்ணீர் வைத்தேன். தண்ணீர் கொதித்து வருவதற்குள் முடிக்கிற வேலை ஒன்று எனக்கு உண்டு. கூடத்து அலமாரியின் அடியில் பிஸ்கட் டின் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதற்குள் ஹார்டு டிஸ்க் பொருத்த நான்கு தட்டுகள். மூன்றில் டிஸ்க் ஓடுகிறது. நான்காவது காலி. லேப்டாப்பைத் திறந்து, ஓடும் மூன்றின் சூட்டையும், ஒவ்வொன்றும் தன்னைப் பற்றிச் சொல்லும் இரண்டு எண்களையும் பதிவேட்டில் எழுதுவேன். ஒன்று, கெட்டுப்போனதால் டிஸ்க் தானே மாற்றி ஒதுக்கிக்கொண்ட இடங்கள் எத்தனை என்பது. மற்றது, படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிறுத்தி வைத்திருக்கும் இடங்கள் எத்தனை என்பது. பதினான்கு மாதமாக மூன்றுக்கும் இரண்டு எண்களும் பூஜ்யம்தான். பூஜ்யம் எழுதுவதில் எனக்குச் சலிப்பு வந்ததில்லை.

அன்று ‘கும்பகோணம்’ என்ற டிஸ்க்குக்கு எதிரே, சந்தேக இடங்கள் 8 என்று காட்டியது.

பக்கத்தை மூடித் திறந்து மறுபடி பார்த்தேன். எட்டுதான். எழுதி முடித்து அடுப்படிக்குப் போனபோது பாத்திரத்தில் தண்ணீர் பாதிக்கு மேல் சுண்டியிருந்தது.

ஒன்பதே முக்காலுக்கு சுதா போன் செய்தாள். இங்கே காரைக்காலில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்து நான்கு வருடம் இருந்தேன், பெரும்பகுதி ஸ்கேன் படங்களைச் சேமித்துக் காக்கும் வேலையில். மூன்று வருடத்துக்கு முன் விருப்ப ஓய்வு பெற்றபோது என் மேசைக்கு வந்தவள் சுதா.

“மேடம், ஒரு ஒத்தாசை. எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்துறாங்க. பெட்டியெல்லாம் கழட்டிக்கிட்டு இருக்கோம். கோவிந்தராசு சார் நோட்டு ஒண்ணு கெடச்சுது. உள்ள பூரா ஊர் பேரும் தேதியுமா இருக்கு. இங்க உள்ளவங்க பஸ் டைம்டேபிள்னு நெனச்சு குப்பையில போடப் பாத்தாங்க.”

“ஐயோ, போட்டுடாதே. அது டிஸ்க்கோட பேரு.”

“டிஸ்க்குக்கு ஏன் மேடம் கும்பகோணம்னு பேரு?”

“அங்க வாங்குனதால.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவு இல்ல.”

“அப்ப அதை எழுதிக் குடுங்களேன். இனிமே டிஸ்க் வாங்கவே மாட்டோம்னு சொல்றாங்க. நாளைக்கு யாராவது வீட்டுல ஒரு பெட்டி வச்சுக்கணும்னு கேட்டா, எப்படிப் பாத்து வாங்கறதுன்னு சொல்லக்கூட எனக்குத் தெரியாது.”

அவளுக்காகத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். அந்த எட்டு இல்லாமல் இருந்திருந்தால் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும்.

கணினி டிப்ளமோ முடித்து, எக்ஸ்ரே அறிக்கைகளைத் தட்டச்சு செய்யச் சேர்ந்தேன். சில வருடங்களில் பிலிம் போய், படங்கள் கணினிக்குள் வந்தன. அவற்றைக் காக்க ஒரு பிரிவு தொடங்கினார்கள். பிரிவு என்றால் குளிர்சாதன அறை ஒன்று, கோவிந்தராசு சார், நான்.

சார் நெரவியிலிருந்து மொபெட்டில் வருவார். அறைக்குள் நுழைந்ததும் யாரிடமும் பேசமாட்டார். ஓடும் பெட்டி ஒவ்வொன்றின் மேலும் புறங்கையை வைப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. அதிர்வு கூடியிருந்தால் அந்தக் கை அங்கேயே நின்றுவிடும். பிறகுதான், “மெகராஜ்மா, காபி குடிச்சாச்சா?” என்பார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கிற நேரத்தை வைத்துக் கோபத்தின் அளவைத் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு பெட்டிக்கு நான்கு டிஸ்க் தேவை என்றால் அவர் நான்கையும் ஒரே கடையில் வாங்கமாட்டார். ஒன்று கும்பகோணத்தில், அடுத்த மாதம் ஒன்று புதுச்சேரியில், பிறகு திருச்சி, சென்னை. ஒரே நாளில் ஒரே இடத்தில் தயாரானவை ஒரே குறையோடு வந்திருந்தால், ஒரே சமயத்தில் விழும் என்பது அவர் கணக்கு. நான்கில் ஒன்று நின்றால் மீதி மூன்றை வைத்து எல்லாவற்றையும் புது டிஸ்க்கில் திரும்ப எழுதிவிடலாம், இரண்டு நின்றால் எதுவும் மிஞ்சாது. டிஸ்க்கை வாங்கிய ஊரின் பெயரைத் தட்டில் சீட்டாக ஒட்டுவோம். வரிசை எண் மனதில் நிற்காது, ஊர் நிற்கும். “சார், திருச்சி சூடா இருக்கு” என்று நான் சொன்னால், அறைக்கு வெளியே நிற்பவர்கள் வெயிலைப் பற்றிப் பேசுகிறோம் என்றே நினைப்பார்கள்.

காரைக்கால் என்ற பெயர் அந்த நோட்டில் கிடையாது. இங்குள்ள கடைகளுக்குச் சரக்கு பெரும்பாலும் புதுச்சேரியிலிருந்து வரும் என்பதால், இரண்டும் ஒரே தொகுப்பாக இருந்துவிடலாம் என்று தவிர்த்தார்.

வாங்கியதைப் பஸ்ஸில் மேல்தட்டில் வைக்கக்கூடாது, காலடியில் வைக்கக்கூடாது. மடியில் வைத்து வர வேண்டும். ஒருமுறை கும்பகோணத்திலிருந்து அவர் அப்படி வந்தபோது கண்டக்டர், “என்ன சார், மாப்ள வீட்டுக்கு அல்வாவா?” என்று கேட்டிருக்கிறார். “ஆமாய்யா, ஆறாம இருக்கணும்னு அணைச்சுக்கிட்டு வர்றேன்” என்று சொன்னதாக என்னிடம் வந்து சொன்னார். அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான் என்று நினைக்கிறேன்.

உறையைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது, அது இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பது. புதிது என்று விற்கப்பட்ட ஒன்று ஆயிரக்கணக்கான மணி நேரம் காட்டியது. “இது ஏற்கனவே ஒரு வீட்டுல குடும்பம் நடத்திட்டு வந்திருக்கும்மா” என்று சொல்லி அதே பஸ்ஸில் திருப்பிக் கொண்டுபோனார். அடுத்து மாடல் எண். சில டிஸ்க்குகளில் பதிவுத் தடங்கள் ஓட்டுக்கூரையில் ஓடு மேல் ஓடு போல ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். சும்மா கொட்டிவைக்க அது போதும். ஆனால் செத்த டிஸ்க்குக்குப் பதிலாகப் போட்டு எல்லாவற்றையும் திரும்ப எழுதச் சொன்னால், மணிக்கணக்கில் முடிய வேண்டியது நாட்கணக்கில் இழுக்கும். அட்டைப்பெட்டியைப் பார்த்தால் இது தெரியாது. மாடல் எண்ணை வைத்து நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். சுழலும் வேகம் குறைந்ததாகப் பார்த்து வாங்குவார். நம் ஊர் மே மாதத்தில் வேகம் முக்கியமல்ல, சூடு முக்கியம். உப்புக்காற்று இணைப்பு முனைகளைக் கறுக்கச் செய்யும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைப்போம்.

பிறகு நான்கு நாள் சோதனை. ஓரம் விடாமல் முழுக்க எழுதுவோம், முழுக்கப் படிப்போம். அணைத்து ஆறவைத்து மறுபடி ஓட்டுவோம். இரண்டு எண்களில் ஒன்று பூஜ்யத்திலிருந்து அசைந்தாலும் திருப்பிவிடுவோம். “பொறந்த வாரத்தைத் தாண்டிட்டா அப்புறம் வயசாகித்தான் போவும்” என்பார்.

இவ்வளவு தெரிந்திருந்தும் தவறு செய்தேன். சார் மகள் திருமணத்துக்காக விடுப்பில் இருந்தார். புதுப் பெட்டி ஒன்று நான்கு டிஸ்க்கும் பொருத்தியே வந்து இறங்கியது. சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது நான். தட்டுகளை இழுத்து வரிசை எண்களைக் குறித்தேன். கடைசி இலக்கம் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஏறியது. அது எனக்கு அழகாகப் பட்டது. நோட்டில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதியபோது மனதுக்கு நிறைவாகக்கூட இருந்தது. எதையும் ஒழுங்காக அடுக்கிப் பார்க்கிற என் குணம், அந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்று யோசிக்கவிடவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

சார் திரும்பி வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம் என்று நிர்வாகத்துக்கு எழுதினார். ஓடுகிற புது டிஸ்க்கை ஏன் மாற்ற வேண்டும் என்று பதில் வந்தது.

இரண்டு வருடத்தில் முதலாவது நின்றது. மீதி மூன்று ஓடுவதால் படங்கள் எல்லாம் இருந்தன. உடனே ஒன்றை வாங்கிப் போடலாம் என்றோம். உத்தரவாதத்தில் மாற்று வரும், பொறுங்கள் என்றது நிர்வாகம். பொறுத்தோம். ஐந்தாம் நாள் காலை மாற்று டிஸ்க் சென்னையிலிருந்து கிளம்பிவிட்டது என்று தகவல் வந்தது. அன்று மதியம் இரண்டாவது நின்றது. வேறு பெட்டிக்கு நகல் போகாதிருந்த மூன்று மாதப் படங்கள் அதோடு போயின.

மறுவாரம் வரிச்சிக்குடியிலிருந்து முருகையன் என்ற வயல்வேலைக்காரர் மனைவியோடு வந்தார். மனைவி செல்விக்கு நுரையீரலில் சிறு கட்டி. முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, வளர்ந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். முந்தைய படம் அந்த மூன்று மாதத்துக்குள் இருந்தது.

“எங்க கையில ஒண்ணும் குடுக்கலயே தாயி. கேட்டாத்தான் சிடி தருவாங்களாம், எங்களுக்குக் கேக்கத் தெரியல. இங்கதானே இருக்கும்?”

“இருந்துச்சுங்க. கெட்டுப்போச்சு.”

“படங்கூடவா கெடும்?”

நான் ஆமென்று தலையசைத்தேன். அவர் விடவில்லை, கோபமும் படவில்லை.

“இருந்திருந்தா இன்னைக்கே சொல்லிருப்பாங்களா?”

“ஆமாங்க.”

புதிதாக ஒரு படம் எடுத்து, மூன்று மாதம் கழித்து இன்னொன்று எடுத்து ஒப்பிட வேண்டும் என்றார் மருத்துவர். மூன்று மாதம் கழித்து வந்தார்கள். கட்டி வளரவில்லை. முருகையன் எங்கள் அறை வாசல்வரை வந்து சொல்லிவிட்டுப் போனார்: “ஒண்ணுமில்லன்னுட்டாங்க தாயி. ஆனா இந்த மூணு மாசமும் அவ ஒரு வேளை நிம்மதியா சாப்புடல.”

இரண்டாவது டிஸ்க் நின்ற அன்று மாலை சார் நோட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். நான்கு எண்களுக்கும் எதிரே ‘காரணம்’ என்ற கட்டத்தை நிரப்பச் சொன்னார். ‘ஒரே தொகுப்பில் தயாரானவை. நான் கவனிக்கவில்லை’ என்று எழுதினேன்.

“அது ஒரு காரணம். இன்னொண்ணு எழுதலயேம்மா.”

எனக்குப் புரியவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து அவரே எழுதினார்: ‘ஐந்து நாள் காத்திருந்தது.’

“ஒண்ணு போயி மூணோட ஓடுறப்ப எதுக்காகவும் காத்திருக்கக் கூடாது. யாருக்காகவும்” என்றார். அதன்பின் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

இப்போது என் வீட்டுப் பெட்டிக்கு வருகிறேன்.

என் கணவர் ஜமாலுதீன் குவைத்தில் ஒரு உதிரிபாகக் கடையில் வேலை செய்கிறார். இருபத்தாறு வருடமாகிறது. விடுப்பு நாட்களைக் கூட்டினால் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தது மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவு. டைரியில் இருக்கிறது. மீதியெல்லாம் குரல். முதலில் ஊருக்கு வருகிறவர்கள் கையில் கேசட் கொடுத்தனுப்புவார். பிறகு போன். 2019 முதல் தினமும் இந்திய நேரம் இரண்டரைக்கு, அங்கே பகல் பன்னிரண்டுக்கு, வீடியோவில் பேசுகிறார். ஒவ்வொரு அழைப்பையும் பதிவு செய்து வைக்கிறேன். அவருக்குத் தெரியும். “ரிக்கார்டு ஓடுதா? இரு, நல்ல சட்டை போட்டுக்கிட்டு வர்றேன்” என்பார். 2020இல் விமானம் இல்லாமல் எங்கள் மகள் நஸ்ரினின் நிக்காஹை அவர் அந்தத் திரையில்தான் பார்த்தார். பார்த்த அவரை நான் பதிவு செய்தேன்.

பழைய நகல் ஒன்று தலத்தெருவில் என் தங்கை வீட்டில் இருக்கிறது. அது 2019 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. அதனால்தான் போன வருடம் செப்டம்பரில் இந்தப் பெட்டியை அமைத்தேன். கும்பகோணம், புதுச்சேரி, மகள் வீட்டுக்குப் போனபோது திருச்சி. ஒவ்வொன்றும் இரண்டு டெராபைட், மெதுவாகச் சுழல்வது, ஓடு மேல் ஓடு ஏறாதது. நான்கு நாள் சோதித்தேன். மடியில்தான் கொண்டுவந்தேன்.

நான்காவதை அவரை வாங்கச் சொன்னேன். வேறு நாட்டுக் கடை, வேறு தொகுப்பு. கோவிந்தராசு சார் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார். டிசம்பரில் விடுப்பில் வருவதாக இருந்தது. வாங்கி, சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார். வரிசை எண்ணைப் பதிவேட்டில் எழுதி, காலித் தட்டில் ‘குவைத்’ என்று சீட்டும் ஒட்டிவிட்டேன். நான்காவது பின்னால் வரும் என்று சொல்லி மூன்றோடு பெட்டியைத் தொடங்க அதன் மென்பொருள் அனுமதிக்கும். வெளியே வைக்க வேண்டிய முழு நகலையும் நான்காவது வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

டிசம்பர் நோன்புக்குத் தள்ளிப்போனது. நோன்பு அடுத்த டிசம்பருக்குத் தள்ளிப்போனது. இடையில் அவர் இரண்டு முறை கேட்டார், ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பவா என்று. வேண்டாம், கைமாறி வந்தால் அடிபடும் என்றேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. அந்த டிஸ்க் அங்கே இருக்கும்வரை அவர் கொண்டுவர வேண்டிய பொருள் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைக் கொடுத்தனுப்பிவிட்டால் எனக்கு அவரிடம் கேட்பதற்கு என்ன இருக்கும்?

பதினான்கு மாதம் நான் மூன்றோடு ஓட்டினேன். இன்னொன்று நின்றால் 2019க்குப் பிந்தைய எதுவுமே மிஞ்சாது என்று எனக்குத் தெரியும். இதைத் தெரிந்தவர்கள் காரைக்காலில் பத்துப் பேர் இருந்தால் அதில் நான் ஒருத்தி.

சுதாவின் போனை வைத்ததும் வேலையைத் தொடங்கினேன். லேப்டாப்பில் இருந்த இடம் குறைவு. கேசட் குரல்கள் தங்கை வீட்டு நகலில் இருந்ததால், நிக்காஹ் வீடியோவை முதலில் எடுத்தேன். மீதி இடத்துக்குத் தினசரி அழைப்புகளில் முக்கியமானவற்றை எடுக்கலாம் என்று காகிதம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ‘முக்கியம்’ என்று தலைப்பிட்டு அடிக்கோடும் போட்டேன். அதன் கீழே எதுவும் எழுத வரவில்லை. என்ன சமைத்தாய், மழையா, மோட்டார் சரி செய்தாயா, தலைவலி எப்படி இருக்கிறது என்பவைதான் எல்லா நாளும். இதில் எதை விட்டுவிடுவது?

பட்டியலை மடித்துவிட்டு, எல்லாக் கோப்புகளையும் வரிசையாகப் படித்துப் பார்க்கும்படி பெட்டிக்குக் கட்டளை கொடுத்தேன். வெகுநேரம் ஓடி ஓரிடத்தில் நின்றது. 2021 மார்ச் 4. அந்த எட்டு இடங்களும் அந்த ஒரு நாளுக்குள்தான் இருந்தன. எத்தனை முறை முயன்றும் திறக்கவில்லை. அந்த வருட டைரியை எடுத்துப் பார்த்தேன். ‘2.30 பேசினார். 26 நிமிடம். கொடுவா மீன் கிடைத்ததைச் சொன்னேன். அங்கே தூசிக்காற்று’ என்று இருந்தது.

வழி எனக்குத் தெரியும். படிக்க முடியாத அந்தக் கோப்பை நீக்கிவிட்டு, அந்த இடத்தின் மேல் வேறு எதையாவது எழுத வைத்தால், டிஸ்க் அந்த எட்டையும் ஒதுக்கிவிட்டு மாற்று இடம் எடுத்துக்கொள்ளும். அதன்பிறகுதான் நான்காவதைப் போட்டு எல்லாவற்றையும் தடங்கல் இல்லாமல் திரும்ப எழுத முடியும். நீக்கும் பொத்தானின் மேல் விரலை வைத்தபோது மணி இரண்டு இருபத்தைந்து. ஐந்து நிமிடம் அப்படியே இருந்தேன். போன் அடித்தது.

“அஸ்ஸலாமு அலைக்கும். என்ன புள்ள, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?”

“வஅலைக்குமுஸ்ஸலாம். ஒண்ணுமில்லங்க. சாப்டீங்களா?”

“இனிமேத்தான். இந்தா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“வரலயா?”

“அதெப்படி நான் சொல்றதுக்கு முன்னாடியே தெரியுது உனக்கு?”

“சட்டை மாத்தாம உக்காந்துருக்கீங்களே.”

சிரித்தார். பிறகு சொன்னார். “முதலாளி மவன் கையில கடையைக் குடுக்கப் போறாராம். இன்னும் ஒரு வருசம் கூட இருந்து சொல்லிக் குடுன்னு கேக்குறாரு. ஒரே வருசம். அதுக்கப்புறம் ஒரேயடியா வந்துடுறேன், இன்ஷா அல்லாஹ்.”

“சரி.”

“வெறும் சரிதானா? திட்டவாவது செய்யேன்.”

“திட்டுனா அதுவும் ரிக்கார்டு ஆவும். என்னங்க, இங்க ஒரு டிஸ்க் தடுமாறுது. கும்பகோணம்.”

“அடடா. அப்ப என்கிட்ட இருக்கறது உடனே வேணுமே. என்கூட வேலை பாக்குற ரபீக் வெள்ளிக்கிழமை ஊருக்கு வர்றான். அவன்கிட்ட குடுத்து, மடியிலயே வச்சுக்கிட்டு வாடான்னு சொல்லிடவா?”

இந்த முறை அடிபடும் என்று நான் சொல்லவில்லை. “வெள்ளிக்கிழமை வரைக்கும் வச்சிருக்கக் கூடாதுங்க. இன்னைக்கே இங்க ஒண்ணு வாங்கிப் போடப் போறேன்.”

“இங்கன்னா? காரைக்கால்லயா? உங்க சார் ஒத்துக்க மாட்டாரும்பியே.”

“மூணோட ஓட்டுறதை அதைவிட ஒத்துக்க மாட்டாரு.”

“அப்ப என்னோட டிஸ்க்?”

“அது உபரி. நீங்க வர்றப்ப கொண்டாங்க.”

“அது உபரின்னா நானும் உபரிதானா?”

“உங்களைப் பதிவேட்டுலயே ஏத்தல.”

மறுபடி சிரித்தார். சிரித்து முடித்துக் கேட்டார்: “புள்ள, நெசத்தைச் சொல்லு. அன்னைக்கே குடுத்து அனுப்புறேன்னேன். வேணாம்னுட்டே. அடிபடும்னு மட்டுந்தானா?”

பின்னால் பதிவை ஓட்டிப் பார்த்தபோது, அந்தக் கேள்விக்கும் அடுத்த பேச்சுக்கும் இடையே பதினோரு விநாடி. குவைத்தில் யாரோ கதவைத் தட்டும் சத்தமும், இங்கே கூரைத் தகரத்தில் மழையும் அதில் கேட்கின்றன.

“நான் தெனம் காலையில அலமாரியைத் தொறக்கறப்ப அதுதான் முன்னாடி இருக்கு” என்றார். “உறையைக்கூடப் பிரிக்கல. சட்டை எடுக்கறப்ப அதைக் கொஞ்சம் தள்ளி வச்சு எடுக்கறேன். மறுபடி பழைய எடத்துல வச்சுடறேன்.”

“தெரியும்ங்க” என்றேன். எனக்குத் தெரியாது. அப்போதுதான் தெரிந்தது.

அழைப்பு முடிந்ததும் 2021 மார்ச் 4ஐ நீக்கினேன். அதன் இடத்தில் எழுத வைத்தேன். சந்தேக இடங்கள் பூஜ்யமாகவும், மாற்றி ஒதுக்கியவை எட்டாகவும் மாறின. குடையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கடைக்குப் போனேன்.

எனக்குத் தேவையான மாடலில் இரண்டு இருந்தன. கடைக்காரர், “ரெண்டையும் எடுத்துக்கங்கக்கா, பாருங்க, நம்பர்கூட அடுத்தடுத்து வருது” என்று இரண்டையும் சேர்த்துக் காட்டினார்.

“ஒண்ணு போதும் தம்பி.”

“உறை மேல இருக்கறதை ஏங்க்கா இவ்வளவு நேரம் படிக்கிறீங்க? எல்லாம் ஒண்ணுதான்.”

தயாரான மாதம் என் ‘புதுச்சேரி’யிலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் தள்ளியிருந்தது. அது போதும். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஓட்டுநர் வேகத்தடைகளில் தூக்கிப்போட்டபோதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன்.

நான்கு நாள் சோதனைக்கு நேரமில்லை. ஓடிய மணி பூஜ்யமா என்று மட்டும் பார்த்தேன். குறுஞ்சோதனை ஒன்றை ஓட்டினேன். முழு நகல் எடுப்பதற்கு இரண்டு டெராபைட் போதாது. எனவே ‘குவைத்’ என்று சீட்டு ஒட்டிய தட்டிலேயே அதைப் பொருத்தினேன். அந்தி மஃரிபுக்குப் பத்து நிமிடம் முன்பு திரும்ப எழுதும் வேலை தொடங்கியது. தொழுதுவிட்டு வந்து பார்த்தேன், நான்கு சதவீதம். பெட்டியின் மேல் புறங்கையை வைத்தேன். மூன்று டிஸ்க்கும் நடுங்காமல் படித்துக்கொண்டிருந்தன, கும்பகோணமும்.

அன்று மாலை கோவிந்தராசு சாருக்குப் போன் செய்யலாமா என்று நினைத்தேன். ஓய்வுக்குப் பின் மகனோடு ஓசூரில் இருக்கிறார். செய்யவில்லை. ‘நாலும் இருக்காம்மா?’ என்றுதான் முதலில் கேட்பார். ஆமென்று சொல்ல, திரும்ப எழுதும் வேலை முடிய வேண்டும். அதற்குப் பதிலாகப் பதிவேட்டை எடுத்தேன். எட்டு என்று எழுதிய வரிக்கு எதிரே காரணக் கட்டம் காலியாக இருந்தது. ‘டிஸ்க்கில் எட்டு இடங்கள் தேய்வு’ என்று நீலத்தில் எழுதினேன். பிறகு சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து, அதன் கீழே ‘பதினான்கு மாதம் காத்திருந்தது’ என்று எழுதினேன். 2021 மார்ச் 4 அழைப்பு ஏன் இல்லை என்று நஸ்ரின் எப்போதாவது இந்தப் பதிவேட்டைப் பார்த்தால் புரிந்துகொள்ளட்டும்.

சுதா, நீ கேட்டதற்கு இதுதான் பதில். ஊர் பார்த்து வாங்கு, மாதம் பார்த்து வாங்கு, மடியில் வைத்துக் கொண்டுவா, நான்கு நாள் சோதி. இவற்றை யாரும் சொல்லிக்கொடுத்துவிடலாம். காலித் தட்டில் பெயர் எழுதி ஒட்டிவைக்காதே. பெயர் எழுதிய பிறகு அது காலியாக இருப்பதாகவே நமக்குத் தோன்றாது.

13ஆம் தேதி, புதன்கிழமை. சுபுஹு தொழுது வந்தபோது பெட்டியின் நான்கு விளக்குகளும் பச்சையாக எரிந்தன. தண்ணீர் வைப்பதற்கு முன்பே தரையில் உட்கார்ந்து, ‘குவைத்’ சீட்டை நகத்தால் உரித்தேன். பதினான்கு மாதத்தில் பசை இறுகியிருந்தது. மீதியெல்லாம் சுருண்டு கையோடு வந்தது, ‘கு’ மட்டும் வரவில்லை. அதைச் சுரண்ட மனமில்லாமல், அதன் மேலேயே ‘காரைக்கால்’ சீட்டை ஒட்டினேன்.